மூன்றாம் வகுப்பில் ஓர் ஆண்டு: பெற்றோர் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள், பெற்றோர் கேட்கும் கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. வகுப்பு வாசலில் நின்று அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, எது உங்களுக்கு அவசரமோ அதற்குப் போங்கள்.

மூன்றாம் வகுப்பில் அப்படி என்ன புதிதாக வந்துவிடுகிறது?

முதல் இரண்டு வகுப்பிலும் படிப்பதற்குக் கற்றுக்கொண்டார்கள். இனிமேல் படித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அறிவியல் பாடமானாலும் கணக்கில் வரும் வாக்கியக் கணக்கானாலும் யாரும் வாசித்துக் காட்ட மாட்டார்கள், பிள்ளை தானே வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ‘கணக்கு வரவில்லை’ என்று என்னிடம் வரும் புகார்களில் பல உண்மையில் வாசிப்புப் புகார்கள்தான். கேள்வியை நான் வாசித்துக் காட்டினால் அதே பிள்ளை அரை நிமிடத்தில் விடை சொல்லிவிடும்.

கணக்கில் மூன்று இலக்க எண்கள், பெருக்கல், வகுத்தல், பின்னத்தின் தொடக்கம் ஆகியவை வருகின்றன. மற்றதெல்லாம் பழையதன் நீட்சி.

முதல் மாதம் முழுக்கப் பழைய பாடமே நடக்கிறதே, நேரம் வீணாகவில்லையா?

வீணாகவில்லை. விடுமுறையில் மறந்துபோவது இயல்பு. மறதி எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு அளந்து, 1885இல் வெளியிட்டார். படித்த கொஞ்ச நேரத்திலேயே நிறைய மறந்துவிடுகிறது, அப்புறம் மறதியின் வேகம் குறைகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் அதிகம் நிற்கிறது. இவைதான் அவர் கண்டதன் சாரம்.

அதனால் முதல் மாதம் பழைய பாடத்தை நான் மறுபடி நடத்துவதில்லை, கேட்கிறேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, போன ஆண்டு படித்ததில் என்ன நினைவிருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதச் சொல்வேன். புத்தகத்தைத் திறந்து பத்துத் தடவை படிப்பதைவிட, மூடிவிட்டு ஒரு தடவை நினைவுபடுத்திப் பார்ப்பது மனதில் பதிய வைக்கும். வீட்டிலும் இதைச் செய்யலாம், செலவே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் மாதத்தில்தான் யார் எங்கே தவறுகிறார்கள் என்ற வரைபடம் எனக்குக் கிடைக்கிறது. அது இல்லாமல் புதுப் பாடத்தைத் தொடங்கினால் இருட்டில் நடப்பது மாதிரிதான்.

என் மகன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். கவலைப்பட வேண்டுமா?

எங்கே தடுக்குகிறான் என்று முதலில் பாருங்கள். தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். உண்மையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், இவற்றோடு உயிர்மெய்க்கான குறிகள் சிலவும் தெரிந்தால் போதும். மீதி 216 எழுத்தும் இவற்றின் சேர்க்கைதான். சிக்கல் பெரும்பாலும் கொம்பில் வருகிறது. ‘கொ’ என்பது பார்வைக்கு ‘கெ’க்குப் பின்னால் ஒரு துணைக்கால். பாதி வழியில் ‘கெ’ என்று வாசித்துவிட்ட பிள்ளை, துணைக்காலைப் பார்த்ததும் திகைத்து நிற்கும். ‘கௌ’ இன்னும் மோசம், கடைசியில் இருப்பது ‘ள’ போலவே இருப்பதால் ‘கெள’ என்று வாசிப்பார்கள். நியாயமான தவறுதான், என்னைக் கேட்டால் குற்றம் எழுத்தின் மேல்.

இப்படிப்பட்ட தடுமாற்றம் என்றால் குறிப்பிட்ட அந்த எழுத்துகளை மட்டும் எடுத்துப் பழக்கலாம், சில வாரத்தில் சரியாகிவிடும். எல்லா எழுத்திலும் தடுமாற்றம், போன மாதம் வாசித்த சொல்லே இந்த மாதமும் புதிதாகத் தெரிகிறது என்றால் என்னிடம் வந்து பேசுங்கள். தள்ளிப்போட வேண்டாம். சில பிள்ளைகளுக்கு வாசிப்பில் தனி உதவி தேவைப்படும், அது அறிவுக் குறைவு அல்ல.

பொதுவான யோசனை ஒன்று: தினமும் புதுப் பக்கம் வேண்டாம். ஒரே சின்னப் பத்தியை மூன்று நாள் வாசிக்கட்டும். எழுத்தோடு போராடுவதிலேயே மூளை களைத்துவிட்டால் பொருளைப் பிடிக்க இடம் இருக்காது. மூன்றாம் நாள் வாசிப்பு சரளமாகும்போதுதான் ‘ஓ, நரி ஏமாற்றியதா!’ என்று பிள்ளைக்கே தெரியவரும்.

அப்புறம், பிள்ளை தானே வாசிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்காக நீங்கள் வாசித்துக் காட்டுவதை நிறுத்தாதீர்கள். அவர்களால் வாசிக்க முடிகிற கதையைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்கிற கதை எப்போதும் ஒரு படி மேலே இருக்கும்.

ல, ள, ழ குழப்பம் எத்தனை தடவை எழுதினாலும் போகவில்லையே?

தவறாக எழுதிய சொல்லை இருபது தடவை எழுதச் சொல்லும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஏழாவது தடவைக்கு மேல் கை மட்டும்தான் எழுதும், மனம் எங்கோ போய்விடும். ஒரு பையன் நேர்கோட்டில் முதலில் எல்லா ‘வா’வையும் எழுதி, பிறகு எல்லா ‘ழை’யையும் எழுதி முடித்ததைப் பார்த்த நாளோடு அது முடிந்தது.

இப்போது செய்வது வேறு. நாக்கு எங்கே போகிறது என்று கவனிக்கச் சொல்கிறேன். ‘ல’ சொல்லும்போது நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ‘ள’வுக்கு நாக்கு மடங்கி மேலண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கு மடங்கும், ஆனால் தொடாது. பிறகு வலி, வளி, வழி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எழுதச் சொல்வேன். கரை–கறை, மனம்–மணம் எல்லாம் இப்படித்தான். பொருள் மாறுகிறது என்று தெரிந்தால்தான் எழுத்தைக் கவனிப்பார்கள்.

வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வேண்டுமா, புரிந்தால் போதாதா?

இரண்டும் வேண்டும். புரியாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு ஏழெட்டு என்று இடையில் கேட்டால் தெரியாது, ஓரேழில் இருந்து ஏறி வரும். புரிந்துகொண்டு மனப்பாடம் செய்யாத பிள்ளை வகுத்தல் வரும்போது ஒவ்வொரு படியிலும் விரல் விட்டு எண்ணிக் களைத்துப்போகும்.

ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. 10 வரைக்கும் உள்ள வாய்ப்பாட்டில் 100 பெருக்கல்கள். 7×8, 8×7 இரண்டும் ஒன்றே என்று தெரிந்துவிட்டால் 55 ஆகிவிடும். (ஏழு வரிசையில் எட்டெட்டுப் புள்ளி வைத்துக் காகிதத்தைத் திருப்பிக் காட்டுங்கள், விளக்கமே வேண்டாம்.) 1, 2, 5, 10 வாய்ப்பாடு ஏற்கெனவே தெரியும், அவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 21 மட்டுமே. இந்த 21ஐயும் ஒரு பக்கத்தில் எழுதி நோட்டின் பின்னட்டையில் ஒட்டித் தருகிறேன். நூறு என்றபோது முகம் தொங்கிய பிள்ளைகள் இருபத்தொன்று என்றதும் ‘அவ்வளவுதானா?’ என்கிறார்கள்.

அதிலும் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வரும். நான்காம் வாய்ப்பாடு என்பது இரட்டித்ததை இரட்டிப்பது. 7×8க்கு ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வரிசையாகச் சொன்னால் போதும்: 56 = 7×8.

கழித்தலில் கடன் வாங்குவது ஏன் இவ்வளவு குழப்பமாக இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. 302 – 178 என்று கொடுத்தால், ஆண்டுதோறும் நாலைந்து பேராவது 276 என்று எழுதுவார்கள். தவறு என்று சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் 276 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் 2, 8. இரண்டில் எட்டுப் போகாது. சரி, எட்டில் இரண்டு போனால் ஆறு. பத்தின் இடத்தில் 0, 7. ஏழில் பூஜ்யம் போனால் ஏழு. மூன்றில் ஒன்று போனால் இரண்டு. பிள்ளை கவனக்குறைவாக இல்லை. ‘பெரியதில் இருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும்’ என்று நாமே முன்பு சொல்லிக்கொடுத்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது! தப்பான இடத்தில் கடைப்பிடித்தது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் இருபதும் இதே மாதிரி தவறாகத்தான் வரும். அதற்குத் தேவை குச்சிக்கட்டு. பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட், பத்துக் கட்டுக்கு ஒரு பெரிய ரப்பர் பேண்ட். 302 என்றால் மூன்று பெரிய கட்டு, இரண்டு தனிக் குச்சி, நடுவே எதுவும் இல்லை. அதிலிருந்து எட்டுக் குச்சி எடுக்கச் சொன்னால், பிள்ளை கொஞ்ச நேரம் விழித்துவிட்டுப் பெரிய கட்டு ஒன்றைப் பிரிக்கும். பத்துச் சின்னக் கட்டு. அதில் ஒன்றையும் பிரித்தால் ஒன்பது கட்டும் பன்னிரண்டு குச்சியும். பூஜ்யத்தின் தலையில் எழுதுகிற 9 எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கும். எனக்கே கல்லூரி முடித்த பிறகுதான் விளங்கியது, இதைச் சொல்வதில் வெட்கமில்லை.

இன்னொரு வழியும் சொல்லித்தருகிறேன்: 178இல் இருந்து ஏறிப் போவது. இரண்டு சேர்த்தால் 180, இன்னும் இருபது சேர்த்தால் 200, இன்னும் 102 சேர்த்தால் 302. மொத்தம் 124. வீட்டில் இதைப் பார்த்துவிட்டு ‘டீச்சர் கழித்தலைக் கூட்டலாக நடத்துகிறார்’ என்று யாரும் பதற வேண்டாம்.

பின்னம் இந்த வயதுக்குக் கடினம் இல்லையா?

காகிதத்தை மடிக்கத் தெரிந்த வயதுக்குக் கடினம் இல்லை. வழக்கமான தவறு, நான்கு பெரியது என்பதால் மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரியது என்று நினைப்பது. ஒரே அளவுள்ள இரண்டு பட்டைகளை மடித்துப் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது.

பழைய அட்டைப்பெட்டி, பாட்டில், மூடி எல்லாம் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்?

மூடிகள் எண்ணுவதற்கு. நேரான பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் மழைமானி. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அதைத் தரையில் சாக்பீஸால் சதுரம் வரைந்து ஒரு லிட்டரை ஊற்றியே காட்டுவோம். பெட்டிகள் வடிவங்களுக்கு. ஒரு கனசதுரத்தை வெட்டித் தட்டையாக விரிக்க மொத்தம் 11 விதங்கள் இருக்கின்றன. என் வகுப்பு பெரும்பாலும் ஆறேழோடு நின்றுவிடும். உங்கள் வீட்டில் முயன்று பாருங்கள், பெரியவர்களும் அங்கேதான் நிற்பார்கள்.

ஒரு விதையை முளைக்க வைக்க மூன்று வாரம் தேவையா?

முளைப்பதற்குத் தேவையில்லை. கணிப்பதற்கும் காத்திருப்பதற்கும் தேவை.

நான்கு கோப்பை வைப்போம். ஒன்றில் ஈரப் பஞ்சு, வெளிச்சம். இரண்டாவது ஈரப் பஞ்சுதான், ஆனால் அலமாரிக்குள் இருட்டில். மூன்றாவதில் தண்ணீரே இல்லை. நான்காவதில் விதை முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். எது முளைக்கும், எது நன்றாக வளரும் என்று ஒவ்வொருவரும் ‘என் கணிப்பு’ நோட்டில் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது, அது மட்டும்தான் விதி. ஏறக்குறைய எல்லோரும் இருட்டில் இருப்பது முளைக்காது என்றே எழுதுவார்கள்.

பத்து நாள் கழித்து அலமாரியைத் திறக்கும்போது வகுப்பு கத்துகிற கத்தல் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். இருட்டில் இருந்தது முளைத்திருக்கும், அதுவும் வெளிச்சத்தில் இருந்ததைவிட உயரமாக. வெளிறி, மஞ்சளாக, நூல் மாதிரித் துவண்டு நிற்கும். முளைக்கத் தேவையான உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது, அதனால் பெரும்பாலான விதைகளுக்கு முளைக்கும்போது வெளிச்சம் வேண்டியதில்லை. இருட்டில் தண்டு வெளிச்சத்தை எட்டிவிடும் அவசரத்தில் நீண்டுகொண்டே போகிறது. சேமிப்பு தீர்ந்ததும் சாய்ந்துவிடும். அது சாய்வதைப் பார்க்கத்தான் மூன்றாவது வாரம். மூழ்கிய விதை ஊறிப் பெருத்து, அப்புறம் நாறத் தொடங்கும், விதைக்கும் காற்று வேண்டும் என்பதை அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்காது.

உங்கள் பிள்ளையின் கணிப்பு தவறாக இருந்தால் நோட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சரியாகக் கணித்தவர்களைவிடத் தவறாகக் கணித்தவர்களுக்குத்தான் அந்தச் செடி ஆண்டு முழுக்க நினைவிருக்கிறது.

மைதானத்தில் குச்சியை நட்டு நிழலை அளக்கிறார்களாமே?

ஆம், மாதத்துக்கு ஒரு நாள். காலையில் இருந்து ஒவ்வொரு மணிக்கும் நிழலின் நுனியில் ஒரு கல் வைப்போம். நிழல் குறைந்து, பிறகு நீளும். மிகக் குட்டையான நிழல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு விழ வேண்டும் என்பதில்லை, கடிகாரத்தின் நண்பகலும் சூரியனின் நண்பகலும் எப்போதும் ஒத்துப்போகாது. இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை கடிகாரம் பழுது என்று சொல்லும்.

மாதங்கள் போகப் போக அந்தக் குட்டை நிழலின் நீளமும் மாறுகிறது. பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பதுதான் காரணம் என்பதை நான் இந்த வகுப்பில் சொல்வதில்லை. அளவுகள் நோட்டில் இருக்கின்றன, காரணம் மேல்வகுப்பில் வரும்போது அவை கைகொடுக்கும்.

சுவரில் பல் வரைபடம் எதற்கு?

பால்பற்கள் மொத்தம் 20. ஆறு வயது வாக்கில் விழத் தொடங்கி, பன்னிரண்டு வாக்கில் முடியும். மூன்றாம் வகுப்பு அதன் நடுவில் இருக்கிறது, வாரத்துக்கு ஒருவராவது கையில் பல்லோடு வருவார்கள். பட்டை வரைபடம் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல தரவு கிடைக்காது.

முதலில் ஒரு தப்புச் செய்தேன். பெயர் போட்டு வரைந்தேன். ஒரு சிறுமிக்குப் பல மாதங்களாக ஒரு பல்லும் விழவில்லை, காலிப் பட்டையைத் தினமும் பார்த்துப் பார்த்து, ஆடாத பல்லை ஆட்டிப் புண்ணாக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு பெயர் கிடையாது, இந்த மாதம் வகுப்புக்கு மொத்தம் எத்தனை பல் என்று மட்டும் வரைகிறோம். உயரமும் அப்படியே. இந்த வயதில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து, வித்தியாசத்தை அவரவர் நோட்டில் மட்டும் எழுதிக்கொள்வார்கள்.

குழு வேலையில் எல்லாவற்றையும் என் மகளே செய்கிறாள்.

தெரியும். செய்யாத பிள்ளையின் அம்மாவும் ‘என் பையனைத் தொடவே விடுவதில்லை’ என்று வந்து சொன்னார். இப்போது ஒருவர் அளப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் பொருள்களுக்குப் பொறுப்பு, ஒருவர் வகுப்புக்குச் சொல்பவர். வாரம் ஒருமுறை வேலை மாறும். சண்டை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

தேர்வு நெருங்கும்போது விளையாட்டு வகுப்பை எடுத்துக்கொள்ளலாமே?

மாட்டேன். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 31ஆவது பிரிவு சொல்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதையெல்லாம் விடுங்கள், ஓடிவிட்டு வந்த வகுப்பையும் ஓடாத வகுப்பையும் அடுத்தடுத்த நாள் சமாளித்துப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பதற்காக விளையாட்டைப் பறிப்பதும் என் வகுப்பில் கிடையாது.

நாடகத்தில் என் பிள்ளைக்கு மரம் வேடம்தானா?

எல்லோருக்கும் குறைந்தது ஒரு வசனம் உண்டு, மரத்துக்கும்தான். பேசவே கூச்சப்படுகிற பிள்ளைகள் சில சமயம் தாங்களே மரத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள்.

வீட்டுப்பாடத்தில் எவ்வளவு உதவலாம்?

நேரம் ஒதுக்கித் தாருங்கள், பக்கத்தில் இருங்கள், ரப்பரை மட்டும் ஒளித்து வையுங்கள். பெற்றோர் திருத்தி, அழகாகத் திரும்ப எழுத வைத்த நோட்டில் எனக்குப் படிக்க ஒன்றுமே இருக்காது. அந்த 276 எனக்குப் பார்க்கக் கிடைத்தால்தான் மறுநாள் குச்சிக்கட்டை எடுப்பேன். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் நிறுத்திவிட்டு, எங்கே நின்றது என்று ஓரத்தில் எழுதி அனுப்புங்கள். அது போதும்.

இடது கையால் எழுதுகிறாள், மாற்றலாமா?

வேண்டாம். காகிதத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைக்கப் பழக்குங்கள், மேசையில் இடது ஓரத்தில் உட்கார வைக்கிறேன்.

கரும்பலகையில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வருகிறான்.

புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது சரியாக இருந்து, பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தவறினால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் தெரியவில்லை என்று பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிள்ளை முன்னேறுகிறதா என்று மதிப்பெண் தவிர வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

ஆண்டின் முதல் வாரத்தில் ‘நேற்று நான் செய்தது’ என்று ஒரு பக்கம் எழுத வைத்து வாங்கி வைத்துக்கொள்கிறேன். கடைசி வாரத்திலும் அதே தலைப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்து உங்களிடம் தருவேன். முதலாவதில் ‘எழுந்தேன். குளித்தேன். சாப்பிட்டேன்.’ என்று இருக்கும். இரண்டாவதில் ‘ஏனென்றால்’, ‘ஆனால்’, ‘அதனால்’ வந்திருக்கிறதா என்று தேடுங்கள். எழுத்துப்பிழையின் எண்ணிக்கை சில சமயம் கூடியிருக்கும். பயப்பட வேண்டாம், தெரிந்த சொல்லை மட்டும் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை தெரியாத சொல்லையும் எழுதிப் பார்க்கத் துணிந்திருக்கிறது.

விடுமுறையில் நான்காம் வகுப்புப் புத்தகத்தைத் தொடங்கிவிடலாமா?

வேண்டாம். கதைப் புத்தகம் வாசிக்கட்டும், வாரம் இரண்டு முறை அந்த 21 பெருக்கல்களையும் கலைத்துக் கேளுங்கள். அவ்வளவே.

பழைய நோட்டுகளை என்ன செய்வது?

கணக்கு நோட்டைத் தூக்கிப் போடலாம். ‘என் கணிப்பு’ நோட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். அதில் இன்னும் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது, நான்காம் வகுப்பு டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், முதல் வாரமே கேட்பார்.